நாட்களை எண்ணுவோம்: குருக்கள் ஐயாவின் வரிச் சீட்டு தந்த பாடம்

(லாபிஸில் நமது அறப்பணி அன்பர்களும் உபயகாரர்களும் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படிப்பட்ட கூட்டத்தில் தலபுராணம் பேசலாம், விரத மகிமை பேசலாம். கணக்கு எழுதும் ஒருவனைக் கூப்பிட்டு வருமான வரி பற்றிப் பேசச் சொன்னதில் உங்களில் சிலருக்கு வியப்பு இருக்கலாம். "வரியைப் பற்றிப் பேசக் கோயில் மண்டபம்தானா கிடைத்தது?" என்று ஓர் அன்பர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. என் உரையே அதற்குப் பதிலாக அமையும் என்று நம்புகிறேன்.

"சிவன் சொத்து குல நாசம்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கோயில் உண்டியலில் கை வைப்பவனை எண்ணிச் சொன்ன சொல் அது. ஆனால் கோயிலுக்கு உழைத்தவருடைய கூலியில் நம் அசட்டையால் ஒரு பகுதி போய்விட்டால், அதற்கு என்ன பெயர்? ஒரு காசும் நம் பைக்கு வரவில்லை, எல்லாம் அரசாங்கத்துக்குத்தான் போனது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பிழையைச் செய்தவன் நானே. ஆகவே பிறரைக் குறை கூறுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை.

நான் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு கோயிலில் கௌரவக் கணக்காளராக இருந்தேன். எந்தக் கோயில் என்பது இங்கே முக்கியமில்லை. அந்தக் கோயிலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து, கும்பகோணத்துப் பக்கம், ஒரு குருக்களை முறைப்படி பெர்மிட் எடுத்து வரவழைத்தோம். 2023-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் வந்து இறங்கினார். ஏப்ரல் முதல் சம்பளம். மாதம் 2,500 வெள்ளி. தங்க இடம் கோயிலிலேயே. காலை ஐந்து மணிக்கு நடை திறப்பார். இரவு அர்த்தசாமப் பூசை முடிந்த பிறகுதான் படுப்பார்.

ஒவ்வொரு மாதமும் அவர் சம்பளத்திலிருந்து 750 வெள்ளியை பி.சி.பி. என்று பிடித்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வரி வாரியத்துக்குக் கட்டி வந்தேன். பி.சி.பி. என்பது மாதாந்திர வரிப் பிடித்தம். இந்த நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் இருந்து வருவது. வசிக்காதவருக்கு 30 விழுக்காடு என்பது விதி. 2,500-க்கு 30 விழுக்காடு 750. கணக்கு சரிதான். அவர் கைக்கு 1,750 வெள்ளி போனது. ஊரில் வயதான தாயார், மனைவி, படிக்கிற இரண்டு பிள்ளைகள். ஆனாலும் ஒரு நாள்கூட அவர் முகம் கோணியதில்லை.

"வெளிநாட்டுக்காரர், சிவப்பு அடையாளக் கார்டு இல்லை, ஆகவே வசிக்காதவர்" என்பதுதான் என் கணக்கு. பிழை இங்கேதான் முளைத்தது. வரிச் சட்டத்தில் வசிப்பவரை மலாயில் 'பெர்மஸ்தாவுதின்' என்கிறார்கள். நிரந்தர வசிப்புத் தகுதியோடு சிவப்புக் கார்டு வைத்திருப்பவரை 'பெமஸ்தாவுதின் தெத்தாப்' என்கிறார்கள். இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை, பொருளோ வேறு. சிவப்புக் கார்டைப் பார்ப்பது குடிநுழைவு இலாகாவின் வேலை. வரி வாரியம் பார்ப்பது நாட்களை. இந்த வேறுபாடு தெரியாமல் நம் கோயில்களில் எத்தனை கணக்கர்கள் என்னைப் போலவே எழுதியிருப்பார்களோ!

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி கடைசியில் குருக்களுக்கு இ.ஏ. பாரம் கொடுத்தேன். முந்தைய ஆண்டில் எவ்வளவு சம்பளம் கொடுத்தோம், எவ்வளவு வரி பிடித்தோம் என்று காட்டும் சீட்டு அது. ஒவ்வொரு முதலாளியும், கோயில் நிர்வாகம் உட்பட, பிப்ரவரி மாதக் கடைசி நாளுக்குள் அதைத் தொழிலாளியிடம் கொடுத்தாக வேண்டும். ஒன்பது மாதச் சம்பளம் 22,500 வெள்ளி, பிடித்த வரி 6,750 வெள்ளி என்று அதில் இருந்தது. 'வசிக்காதவர்' என்று கொட்டை எழுத்தில் அதில் எழுதியிருக்காது. பிடித்த தொகையே அதைச் சொல்லிவிடும்.

ஒரு வாரம் கழித்து, இரவுப் பூசை முடிந்து நான் உண்டியல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது குருக்கள் தயங்கித் தயங்கி அலுவலகத்துக்குள் வந்தார். கையில் அந்தச் சீட்டு.

"ஐயா, தப்பா நெனச்சுக்கக் கூடாது. போன வாரம் கும்பாபிஷேகத்துக்குப் போன இடத்துல இன்னொரு குருக்களைப் பார்த்தேன். அவருக்கு மொத வருஷம் பிடிச்ச பணமெல்லாம் திரும்பி வந்துச்சாம். எனக்கும் அப்படி ஏதாவது உண்டுங்களா?"

"உங்களுக்குக் கிடையாது சாமி. நீங்க வெளிநாட்டுக்காரர்" என்றேன்.

"அவரும் நம்ம ஊருதாங்க ஐயா" என்றார்.

மேற்கொண்டு ஒரு சொல் பேசவில்லை. சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, விபூதித் தட்டை எடுத்து எனக்கும் நீட்டினார். "ஒன்பது மாசமா கேட்கவே இல்லையே சாமி?" என்று கேட்டேன். "இந்த நாட்டுச் சட்டம் அப்படின்னு நெனச்சேன். கோயில்ல தப்பா செய்வாங்களா ஐயா?" என்றார்.

அன்பர்களே, என்னைத் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாளே 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவை விளக்கும் வாரியத்தின் ஏடுகளைத் தேடிப் படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டும் உறுதி செய்துகொண்டேன். நான் அறிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரிவதில் கடினமில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றோம். செக்ரோலில் பெயர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தாய், எந்தக் கப்பலில் வந்தாய் என்று செக்ரோல் கேட்டதில்லை. வந்து நின்றாயா என்பதுதான் கேள்வி. வரிச் சட்டத்தின் வசிப்புக் கணக்கும் அப்படித்தான். குடியுரிமை பார்ப்பதில்லை, பெர்மிட்டின் நிறம் பார்ப்பதில்லை. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டில் இந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தாய் என்று மட்டும் எண்ணுகிறது. ஒரு நாளில் கொஞ்ச நேரமே இருந்தாலும் அது முழு நாள். இரவு பதினொரு மணிக்கு விமானம் இறங்கினாலும் அந்த நாள் கணக்கில் சேரும். தோட்டத்துக் கணக்கைவிட இது தாராளமான கணக்கு!

வசிப்பவர் ஆவதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி: ஓர் ஆண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இங்கே இருப்பது. விட்டுவிட்டு இருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி: ஓர் ஆண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இருந்தாலும், அந்தக் காலம் அடுத்த ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ தொடர்ச்சியாக 182 நாட்களுக்குக் குறையாத ஒரு காலத்தோடு ஒட்டி வருவது. இடையில் வேலையின் பொருட்டு வெளியூர் போனதோ, தனக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ உடல்நலம் குன்றிப் போனதோ, மொத்தம் 14 நாட்களுக்கு மிகாமல் உறவினரைப் பார்க்கப் போனதோ அந்தத் தொடர்ச்சியை அறுக்காது. போவதற்கு முன்னும் வந்த பின்னும் இங்கே இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி: அந்த ஆண்டில் 90 நாட்களாவது இங்கே இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் ஏதேனும் மூன்றில் வசிப்பவராகவோ 90 நாட்கள் இருந்தவராகவோ இருப்பது.

நான்காவது வழி: முந்தைய மூன்று ஆண்டுகளும் அடுத்த ஆண்டும் வசிப்பவராக இருந்தால், நடுவில் ஓர் ஆண்டில் ஒரு நாளும் இங்கே இல்லாவிட்டாலும் அந்த ஆண்டுக்கும் வசிப்பவரே.

இனி நம் குருக்களின் நாட்களை எண்ணினேன். 2023 மார்ச் 28 முதல் டிசம்பர் 31 வரை 279 நாட்கள். செப்டம்பர் 25-ஆம் தேதியே 182-ஆவது நாள் நிறைந்துவிட்டது. முதல் வழியிலேயே அவர் வசிப்பவர். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வசிப்பவர் என்று இன்னும் உறுதியாகாதவருக்கும் 30 விழுக்காடு பிடிக்கவேண்டும் என்பது பி.சி.பி. விதி. ஆகவே முதல் ஆறு மாதம் நான் பிடித்தது விதியின்படிதான். செப்டம்பர் 25-க்குப் பிறகும் நிறுத்தாமல் பிடித்ததும், ஆண்டு முடிவில் நாட்களைத் திரும்ப எண்ணாமல் விட்டதும்தான் என் அசட்டை. விதி என்னைக் காப்பாற்றியது ஆறு மாதம். அதற்கு மேல் பொறுப்பு என்னுடையது.

இப்போது தொகையைப் பாருங்கள். வசிக்காதவர் என்றால் தனிநபர் கழிவு கிடையாது, வரித் தள்ளுபடி கிடையாது. 22,500 வெள்ளி முழுவதற்கும் 30 விழுக்காடு, அதாவது 6,750 வெள்ளி வரி. வசிப்பவர் என்றால் முதலில் தனிநபர் கழிவு 9,000 வெள்ளி. மீதி 13,500 வெள்ளி. அதில் முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 8,500 வெள்ளிக்கு ஒரு விழுக்காடு, அதாவது 85 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு 400 வெள்ளி வரை தள்ளுபடி உண்டு. ஆக 85 வெள்ளியும் போய் வரி பூஜ்யம். ஒரு பக்கம் 6,750, மறுபக்கம் பூஜ்யம். ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம்!

இதைவிட என்னை நடுங்க வைத்தது வேறொன்று. அவர் சார்பில் வருமான அறிக்கையை நிரப்பிக் கொடுப்பதாக நான் முன்பே சொல்லியிருந்தேன். வசிக்காதவருக்கு உரியது எம். பாரம். தொழில் வருமானம் இல்லாத வசிப்பவருக்கு உரியது பி.இ. பாரம். நான் எம். பாரத்தை நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதில் வரி 6,750 வெள்ளி என்று வரும். இ.ஏ. சீட்டில் பிடித்ததும் 6,750 வெள்ளி. பாக்கி ஒன்றுமில்லை என்று காட்டும். வாரியத்திலிருந்து கடிதம் வராது, தணிக்கையாளர் கேட்கமாட்டார், யாருக்கும் சந்தேகம் எழாது. தவறான சீட்டும் தவறான பாரமும் ஒன்றையொன்று சரி என்று சாட்சி சொல்லியிருக்கும். கணக்கு நேரானதும் நாம் பேனாவை மூடிவிடுகிறோம். நேரான கணக்கிலும் ஒருவருடைய ஒன்பது மாத உழைப்பின் பங்கு மறைந்து கிடக்கலாம் என்பதை அன்றுதான் கற்றேன். 2004-ஆம் ஆண்டு முதல் தனிநபர்களுக்குச் சுயமதிப்பீட்டு முறை வந்துவிட்டது. நம் வரியை நாமே கணக்கிட்டு எழுதுகிறோம். நாம் எழுதியதை நமக்காக வேறொருவர் திருத்துவார் என்று காத்திருக்க முடியாது.

சரி, பிழை தெரிந்த பிறகு என்ன செய்தோம்?

முதலில், செயலவையைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். ஒரு செயலவை உறுப்பினர், "சீட்டைக் கிழித்துவிட்டு வரி பூஜ்யம் என்று புதுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடலாமே" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அது கூடாது. 6,750 வெள்ளி பிடித்ததும் உண்மை, வாரியத்துக்குக் கட்டியதும் உண்மை. சீட்டு நாம் செய்த தவறைச் சரியாகப் பதிவு செய்திருக்கிறது. அதை மாற்றி எழுதினால், திரும்பப் பெறவேண்டிய பணத்துக்கு இருக்கும் ஒரே ஆதாரத்தை நாமே அழித்தவர்கள் ஆவோம். சீட்டில் உள்ள தொகையே தவறாக இருந்தால், அப்போது திருத்திய சீட்டு கொடுக்கத்தான் வேண்டும். தொகை உண்மையாக இருந்து வசிப்பு நிலை மட்டும் தவறாக இருந்தால், திருத்தவேண்டிய இடம் வருமான அறிக்கை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவதாக, ஆதாரங்களைத் திரட்டினோம். கடப்பிதழின் எல்லாப் பக்கங்களின் நகல், பெர்மிட் நகல், விமானச் சீட்டு, வேலை ஒப்பந்தம், மாதாமாதம் பி.சி.பி. கட்டிய ரசீதுகள். ஒரு தாளில் வந்த தேதி, போன தேதி, நாட்களின் கூட்டல் எல்லாவற்றையும் எழுதிக் குருக்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். இக்காலத்தில் தானியங்கிக் கதவு வழியாகப் போய் வருபவர்களுக்குக் கடப்பிதழில் முத்திரை விழுவதில்லை. ஆகவே பயணத் தேதிகளைத் தனியே குறித்து வைப்பது மிகவும் அவசியம். இந்தக் காகிதங்களை ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

மூன்றாவதாக, ஏப்ரல் 30-க்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே, குருக்களை அருகில் உட்கார வைத்து அவர் பெயரில் பி.இ. பாரத்தை இணையத்தில் சமர்ப்பித்தோம். திரும்ப வரும் பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கே போகும்படி எண்ணைக் குறித்தோம். கோயில் கணக்கைக் கொடுக்கவில்லை. அது அவர் பணம்.

நான்காவதாக, மார்ச் சம்பளம் முதல் 30 விழுக்காடு பிடிப்பதை நிறுத்தினோம். 2,500 வெள்ளிச் சம்பளத்துக்கு வசிப்பவருக்குரிய கணக்கில் பிடித்தமே வரவில்லை.

பணம் வந்து சேர்ந்த அன்று அவர் மகிழ்ச்சியை என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. அம்பாளுக்கு ஒரு தேங்காய் உடைத்தார். மாலையில் ஊருக்குத் தொலைபேசியில் பேசும் குரல் மட்டும் மடைப்பள்ளி வரை கேட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இரண்டாவது முறையும் நான் தவறப் பார்த்தேன். குருக்களின் பணிக்காலம் 2024 மே 31-ஆம் தேதியோடு முடிந்தது. வெளிநாட்டுத் தொழிலாளி நாட்டைவிட்டுப் போவதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே முதலாளி வாரியத்துக்கு சி.பி.21 பாரத்தின் வழி தெரிவிக்க வேண்டும். கொடுக்க வேண்டிய கடைசிச் சம்பளத்தையும் வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். அந்தப் பாரத்துக்காக 2024-இன் நாட்களை எண்ணினேன். ஜனவரி முதல் மே வரை 152 நாட்கள். அதிலும் பிப்ரவரியில் தங்கை திருமணத்துக்காக 11 நாள் ஊருக்குப் போய் வந்திருந்தார். 182 எட்டவில்லை. "ஐயோ, இந்த ஆண்டுக்கு இவர் வசிக்காதவர்" என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

அப்போதுதான் இரண்டாவது வழி நினைவுக்கு வந்தது. முந்தைய ஆண்டில் மார்ச் 28 முதல் டிசம்பர் 31 வரை தொடர்ச்சியாக இருந்தவர். அந்தக் காலத்தோடு இந்த ஐந்து மாதமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நடுவில் போன 11 நாள் 14 நாட்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே 2024-க்கும் அவர் வசிப்பவரே. ஐந்து மாதச் சம்பளம் 12,500 வெள்ளி, கழிவு போக 3,500 வெள்ளி, வரி பூஜ்யம். ஜனவரி, பிப்ரவரியில் பிடித்த 1,500 வெள்ளியும் அவருக்கு உரியது. நாட்களை எண்ணினால் மட்டும் போதாது, அவை எந்த நாட்களோடு சேர்ந்து நிற்கின்றன என்றும் பார்க்கவேண்டும் என்பது அடுத்த பாடம்.

அன்பர்களே, இதைக் கேட்டுவிட்டு எல்லாரையும் வசிப்பவர் என்று எழுதிவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உண்மை இரு பக்கமும் வெட்டும். திருப்பணிக்கு வரும் சிற்பி நான்கு மாதம் மட்டும் வேலை செய்து திரும்பிவிட்டார். முன்னும் பின்னும் ஒட்டும் காலம் எதுவும் இல்லை. அவர் வசிக்காதவர்தான். இரக்கப்பட்டு அவரை வசிப்பவர் என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. ஆனால் வசிக்காத ஒருவர் ஓர் ஆண்டில் 60 நாட்களுக்கு மிகாமல் வேலை செய்திருந்தால், அந்தச் சம்பளத்துக்குச் சட்டமே வரிவிலக்கு தருகிறது. திருவிழாவுக்கு வரவழைக்கும் நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. நிகழ்ச்சிக் கலைஞர் என்ற வகையில் 15 விழுக்காடு பிடித்தம் என்று தனி விதி இருக்கிறது. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே யார் எந்த வகை, எத்தனை நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னால் மனவருத்தம் இல்லை.

இது கோயில் விவகாரம் மட்டும்தானா என்றால், இல்லை. லாபிஸிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த எத்தனை பிள்ளைகள் இன்று சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள்! அங்கே கணக்கு 183 நாட்கள். வசிக்காதவர் என்றால் சம்பளத்துக்கு 15 விழுக்காடு, அல்லது வசிப்பவருக்குரிய விகிதத்தில் வரும் வரி, இரண்டில் எது அதிகமோ அது. செப்டம்பரில் வேலையில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் ஆண்டில் 183 நாள் வராது. ஆனால் வேலை இடைவிடாமல் அடுத்த ஆண்டிலும் தொடர்ந்து, இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து 183 நாட்கள் தங்கியிருந்தால், இரண்டு ஆண்டுக்குமே வசிப்பவராகக் கொள்ளும் சலுகை அங்கே உண்டு. வேலையை விடும்போது அங்குள்ள முதலாளியும் ஒரு மாதத்துக்கு முன்பே வரி அலுவலகத்துக்கு அறிவித்து, சம்பளத்தை நிறுத்தி வைப்பார். அப்போது வரும் வரிக் கணக்கில் பிள்ளைகள் தங்கள் நிலை என்னவென்று போட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். சம்பளம் கைக்கு வந்தால் போதும் என்று பையில் திணித்துக்கொண்டு ரயில் ஏறிவிடக் கூடாது.

ஊரில் வங்கிச் சேமிப்பு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். இந்தியாவில் வசிப்பவரின் வைப்புத்தொகை வட்டிக்கு வங்கி பிடிக்கும் வரி 10 விழுக்காடு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரின் உள்நாட்டுக் கணக்கு என்றால் 30 விழுக்காடும், அதன்மேல் தீர்வையும். நம் குருக்கள் போன்றவர்கள் ஊர் திரும்பிய பிறகும் வங்கியில் பழைய நிலையே தொடர்ந்தால் அங்கேயும் இதே தொல்லைதான். ஊருக்குப் போனதும் வங்கிக்குச் சென்று நிலையை மாற்றச் சொல்லுங்கள் என்று அவரிடம் நான் நினைவூட்டி அனுப்பினேன்.

இப்போது வாசலில் கேட்ட அன்பரின் கேள்விக்கு வருகிறேன். வரி பற்றிப் பேசக் கோயில் மண்டபம்தானா என்றார். நீங்கள் தரும் பத்து வெள்ளியிலும் நூறு வெள்ளியிலும் ஒரு பங்கு பூசை செய்பவரின் சம்பளமாகப் போகிறது. அவர் வயிறும் அவர் குடும்பமும் நிறையவேண்டும் என்றுதான் தருகிறீர்கள். அது வழியில் தவறிப்போனால் உங்கள் உபயமும் நீங்கள் எண்ணிய இடத்தைச் சேரவில்லை என்றுதான் பொருள். ஆகவே நன்கொடையாளர்களாகிய உங்களுக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், "வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு நாட்களை எண்ணினீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நிர்வாகத்தினர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் இன்னொரு முறை கேளுங்கள்.

நம் அறப்பணியில் இப்போது நான்கு பழக்கங்களை ஏற்படுத்தியிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம். வருகையும் பயணமும் அதில் பதிவாகும். 182-ஆவது நாள் எது என்று வந்த அன்றே எண்ணி, நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கிறோம். இ.ஏ. சீட்டைக் கையில் கொடுக்கும்போது அதில் உள்ள ஒவ்வொரு தொகையையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லி விளக்குகிறோம். மலாய் படிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து மட்டும் வாங்குவது முறையல்ல. வருமான அறிக்கையை அனுப்பும் முன் கணக்காளரைத் தவிர இன்னொருவரும் நாட்களை எண்ணிப் பார்க்கிறார். செலவில்லாத காரியங்கள். வாரியத்திலிருந்து வரி மதிப்பீட்டுக் கடிதம் வந்து அதில் நிலை தவறாக இருந்தால், 30 நாட்களுக்குள் கியூ பாரத்தின் வழி மேல்முறையீடு செய்யவேண்டும் என்பதையும் அந்த நாட்காட்டியின் மேலே எழுதி ஒட்டியிருக்கிறோம். ஏனென்றால் கடிதத்தை மேசை இழுப்பில் வைத்து மறந்துபோவதும் நம்மிடையே உள்ள பழக்கம்தான்.

குருக்கள் புறப்பட்ட அன்று விடியற்காலையில் நடை திறந்து, கடைசியாக ஒரு முறை அபிஷேகம் செய்துவிட்டுத்தான் கிளம்பினார். காரில் ஏறும் முன், "சாமி, நான் செஞ்ச தப்பை மன்னிச்சுடுங்க" என்றேன். "அன்னிக்கே திரும்பிப் பார்த்தீங்களே ஐயா. மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லி என் நெற்றியில் விபூதி இட்டார். 1,500 வெள்ளி பற்றிய அறிக்கையும் முறைப்படி போய்ச் சேர்ந்து, பிறகு அந்தப் பணமும் அவருக்குக் கிடைத்தது.

அம்பாள் சந்நிதியில் விளக்கு எரிய எண்ணெய் தருகிறவர்கள் நீங்கள். அந்த விளக்கை ஏற்றுகிற கைக்கு உரியது குறையாமல் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது எங்களைப் போன்ற கணக்கர்களின் பூசை. அந்தப் பூசையில் நான் ஒரு முறை தவறினேன். இங்கே சொன்னதைக் கேட்டு இன்னொரு கோயிலில் ஒரு கணக்கர் இன்றிரவு தன் ஏட்டைத் திறந்து நாட்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தால், நான் இங்கே நின்றதற்கு அதுவே பயன்.